சியாமலரின் மூச்சு

தாம்பூலத் தட்டு மாறப்போகிற நேரம் பார்த்துப் பெண்ணின் தாய்மாமன் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"எல்லாம் சரி. மாப்பிள்ளையாத்துக் கோத்திர ரிஷி ஆளா, கதையா? அதைச் சொல்லாம தட்டை மாத்தினா எப்படி?"

மாப்பிள்ளையின் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"சியாமல கோத்திரம் ஓய்! போன மாசம் விழுந்த பச்சை முத்திரை! ஏன், முனிவர் பதிவகத்து அனந்தமதி அம்மாவே வந்திருக்கா. அவாளையே கேளுங்கோ."

அத்தனை தலைகளும் திரும்பின. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அனந்தமதிக்குக் குடித்துக்கொண்டிருந்த காப்பி தொண்டையிலேயே நின்றது.

"ஆள்தான்" என்றாள்.

அவ்வளவுதான், நாதசுரக்காரர் வெளுத்து வாங்கினார். தட்டு மாறியது. தாய்மாமன் அவளைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார். அந்தக் கும்பிடுக்குப் பதிலாக ஓர் அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலே வெளியே வந்துவிட்டாள்.

மூச்சறிவி என்ற கருவி வந்து ஒன்பது வருடமாகிறது. அதற்கு முன்னால் முனிவர்களைப் பற்றிய சண்டை எப்படி நடந்தது என்று இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கும். இருந்தார் என்பான் ஒருவன், கட்டுக்கதை என்பான் இன்னொருவன், இரண்டு பேரும் தடித் தடியாகப் புத்தகம் போடுவார்கள், கடைசியில் ஒன்றும் தேறாது. மூச்சறிவி அந்தக் கடையையே மூடிவிட்டது. குரு சொல்ல, சீடன் திருப்பிச் சொல்ல, அவன் சீடன் அதைத் திருப்பிச் சொல்ல என்று வாய்வழியாக வந்தவைதானே பழைய நூல்கள் எல்லாம்? சொல் மட்டும் தனியாக வருவதில்லை. முதலில் சொன்னவர் எங்கே மூச்சை இழுத்தார், எங்கே விட்டார், எந்த இடத்தில் திணறினார் என்பதும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்பன் இருமுகிற மாதிரியே மகன் இருமுவதில்லையா, அதுபோலத்தான். ஓதுகிற ஆளைக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஓதச் சொன்னால், மூச்சறிவி வெங்காயத் தோலை உரிப்பதுபோல ஒவ்வொரு தலைமுறையாக உரித்துக்கொண்டே போகும். அடியில் ஒரே மூச்சு கிடைத்தால் 'ஆள்', பச்சை முத்திரை. பல மூச்சுகள் குழம்பிக் கிடந்தால் 'கதை', சிவப்பு முத்திரை. பள்ளிப் பாடப் புத்தகம் முதல் கல்யாணத் தரகர் நோட்டு வரைக்கும் அந்த இரண்டு முத்திரைதான். சிவப்பு விழுந்த முனிவர்களின் மடங்களில் இப்போது புறாக்கள்தான் குடியிருக்கின்றன.

சியாமலர் விவகாரம் மற்றதைப்போல எளிதானதல்ல. அவர் மூன்று வீட்டுப் பிள்ளை. வேத நூல்களில் அவர் எடுத்ததற்கெல்லாம் சாபம் போடுகிற கோபக்கார குரு. பௌத்த நூல்களில் வாதத்தில் தோற்றுத் தலை குனிந்து போகிற சடாமுடிக்காரர். சமண நூல்களிலோ, குருவே இல்லாமல் தானாக ஞானம் பெற்ற பெரியவர். ஒருவரா, மூவரா, ஒருவருமே இல்லையா? மூன்று நூல்களுக்கும் பொதுவாக இருந்தவை நான்கே வரிகள். அப்புறம், தென்திசையில் வற்றாத சுனையுள்ள ஒரு பாறைக் குகையில் அவர் உடலை விட்டார் என்ற செய்தி. அந்தக் குகை மதுரைக்கு மேற்கே ஓணாங்கரட்டுக் குன்றில் இருப்பதாக முனிவர் பதிவகம் நம்பியது. குகையில் கற்படுக்கைகள் இருந்தன, சுனை இருந்தது. அடிவாரத்தில் முப்பத்தொரு வீடுகளும் இருந்தன.

நான்கு வரிகளையும் மூன்று மரபினரும் தனித்தனியே ஓத வேண்டும். மூன்றின் அடியிலும் ஒரே மூச்சு கிடைத்தால் சியாமலர் ஆள். மூன்று ஓதுவார்களும் வந்து கரட்டடியில் கூடாரம் போட்டு மூன்று வாரம் பயின்றார்கள். கும்பகோணத்துச் சாம்பசிவ கனபாடிகள், இலங்கையிலிருந்து பிக்கு சுமனரதனர், திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து சமணப் பண்டிதர் அப்பாண்டை நயினார். மூவரும் முதல் நாளே கூண்டில் உட்கார்ந்து ஒரு செய்தித்தாள் பத்தியை வாசித்தார்கள். ஓதுகிறவரின் சொந்த மூச்சு எது என்று மூச்சறிவி தெரிந்துகொண்டால்தானே அதைக் கழித்துவிட்டுப் பழைய மூச்சைத் தேடும்? அந்தக் கழிவுக் கணக்கைப் போட்டு வைத்தவள் அனந்தமதி.

கருவி கரட்டில் இருக்கக் கடைசி நாள் வைகாசிப் பௌர்ணமி. அன்று பொழுது சாய்வதற்குள் அதைக் காஞ்சிபுரத்துக்கு வண்டியேற்ற வேண்டும். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்க வேண்டும் என்று தலைநகரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. பாழாய்ப்போன அந்த நாள்தான் வாய்த்தது!

காலையில் அவள் போய் நின்றபோது கனபாடிகள் கையை விரித்தார். "பௌர்ணமி அனத்யயனம்மா. இன்னிக்கு வேதம் சொல்லப்படாது. கழுத்தை அறுத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். நாளைக்கும் பிரதமை, அதுவும் கிடையாது."

பிக்கு சுமனரதனர் கூடாரத்திலேயே இல்லை. அது புத்தர் பிறந்த பௌர்ணமி. உபோசத நோன்புக்காகச் சக பிக்குகளோடு மதுரைக்குப் போயிருந்தார். 'மன்னிக்கவும், மாலைக்கு மேல் வருவேன்' என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். அப்பாண்டை நயினார் இருந்தார், ஆனால் சதுர்த்தசி முதல் உண்ணா நோன்பு, கூடவே மௌன விரதம். பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டினார்: 'நாளை வாய் திறப்பேன் அம்மா.'

மூன்று பேரிடமும் தனித்தனியே அவள் ஒரே பொய்யைச் சொன்னாள். "பயிற்சியில எடுத்த ஒலிப்பதிவு இருக்கு. உங்க ஒருத்தர் பங்குக்கு அதை வச்சுச் சமாளிச்சுக்கிறேன், மத்த ரெண்டு பேர் இருக்காங்க." தன்னால் மட்டும் கெடக் கூடாதே என்று மூவரும் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள், பிக்கு மட்டும் இரவு திரும்பி வந்த பிறகு. ஒவ்வொருவரும் மற்ற இருவர் ஓதியதாகவே நினைத்துக்கொண்டார்கள்.

ஒலிப்பதிவை மூச்சறிவி ஏற்காது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். மூன்று வாரம் கேட்டுக் கேட்டு நான்கு வரியும் மூன்று மொழியிலும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். 'நானும் கேட்டுத்தானே கற்றேன், ஒருவகையில் நானும் சீடப்பிள்ளைதானே' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். கனபாடிகள் பெயரைத் தட்டி ஒருமுறை, பிக்கு பெயரைத் தட்டி ஒருமுறை, நயினார் பெயரைத் தட்டி ஒருமுறை ஓதினாள்.

கருவி அவர்கள் மூச்சைத் தேடிக் கழித்தது. இல்லாததை எங்கே கழிப்பது? மிச்சம் நின்றது அனந்தமதியின் மூச்சு. மூன்றிலும் ஒரே மூச்சு. பச்சை விளக்கு எரிந்தது.

அந்தக் கணமே அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தாள். அதற்குள் பதிவாளர் திருமலைக்கொழுந்து கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டார்.

"மூணும் ஒண்ணா? ஏம்மா, மூணும் ஒண்ணா?" அறுபது வயது மனிதர் குழந்தை மாதிரி அழுதார். "முப்பது வருசமா இந்த ஒரு நாளுக்குத்தான்மா உயிரோட இருந்தேன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். எல்லாக் குற்றமும் இப்படித்தான் நடக்கிறது. திட்டம் போட்டுச் செய்பவர்கள் கொஞ்சம் பேர், வாயை மூடிக்கொண்டவர்கள் மீதிப் பேர்.

சட்டம் ஒன்று இருந்தது. 'ஆள்' என முடிவான முனிவர் வாழ்ந்த அல்லது மறைந்த இடத்தைச் சுற்றி அரை மைலுக்குக் குடியிருப்பு இருக்கலாகாது. ஆவணியில் இடிப்பு வண்டிகள் வந்தன. முதலில் பன்னிரண்டு வீடுகள். அதில் ஒச்சம்மாளின் வீடும் ஒன்று. கணவன் போன பிறகு, கல்லுடைத்த காசில் அவள் தானே கொத்தனாருக்குச் சித்தாளாக நின்று கட்டிய வீடு. எல்லையளக்க வந்திருந்த அனந்தமதியின் முன்னால் அவள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"எந்தச் சாமியாரோ எப்பவோ செத்தான்னு எம் வீட்ட இடிக்கிறியேடி, நீ வெளங்குவியா? நாசமாப் போயிருவ! எங்கிட்டுப் போயி இருப்பேன், சொல்லுடி! நிக்க நெழலு இல்லாம நிக்கிறேன்ல, நீயும் அப்பிடித்தான் நிப்ப!" இடித்த சுவரின் மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள். அது அனந்தமதியின் தலையிலும் வாயிலும் விழுந்தது. காவலர் ஒருவர் ஒச்சம்மாளைப் பிடித்து இழுத்தார். "விடுங்க, அவங்களை விடுங்க" என்று அனந்தமதி கத்தியது வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவள் வீட்டில் பொறுத்தருளும் நாள் வந்தது. அனந்தமதி தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பெண். அன்று தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். அக்காளும் தம்பியும் வந்து கை கூப்பினார்கள். அவளால் பதிலுக்குக் கை கூப்ப முடியவில்லை. எல்லா உயிர்களிடமும் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டுவிடலாம், ஒச்சம்மாளிடம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டாமா? மறுநாளே மதுரைக்குப் போய், பதிவகத்தில் பகிரங்க விசாரணை கேட்டு மனுக் கொடுத்தாள். மீதிப் பத்தொன்பது வீடுகளுக்கு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள். புதன்கிழமை விசாரணை.

மண்டபம் நிரம்பி வழிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் என்ற முறையில் ஒச்சம்மாளும் ஊர்க்காரர்களும் பின்வரிசையில் இருந்தார்கள். அனந்தமதி ஒன்று விடாமல் சொன்னாள். பௌர்ணமி, பொய்க் கையெழுத்து, கூண்டு, பச்சை விளக்கு எல்லாம். "அது சியாமலர் மூச்சு இல்லை. என் மூச்சு. குற்றவாளி நான். தண்டனை குடுங்க, வீடுகளை விட்டுடுங்க."

திருமலைக்கொழுந்துவின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் விதி விதிதான். பதிவை மாற்ற மூச்சறிவியின் சாட்சி வேண்டும். கருவியைக் கொண்டு வந்து வைத்தார்கள். சொந்த மூச்சைக் கணக்கெடுக்க, அன்றைய செய்தித்தாளில் மழை நிலவரத்தை வாசிக்கச் சொன்னார்கள். 'தென்மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்' என்று தொடங்கியதுதான் தாமதம், பச்சை விளக்கு எரிந்துவிட்டது.

கருவி அச்சிட்டுத் தந்த சீட்டைப் பதிவாளர் உரக்க வாசித்தார்: "இம்மூச்சு ஏற்கெனவே பதிவில் உள்ளது. உரியவர்: சியாமலர். முனிவர் மூச்சைக் கழிக்க அனுமதியில்லை."

"அதைத்தானே சொல்றேன்!" என்று அனந்தமதி மேசையைத் தட்டினாள். "பதிவே தப்பு! அது நான்!"

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் பதிவாளர். அவர் குரலே மாறிவிட்டது. "பதிவைப் பொய்னு சொல்ல இந்தக் கருவிதான் சாட்சி. கருவியோ, பேசுறது சியாமலர்னு சொல்லுது. சியாமலரே வந்து 'நான் இல்லை'ன்னு சொல்றார். தான் இல்லைன்னு சொல்றதுக்கு முதல்ல ஒரு ஆள் இருக்கணும்ல?"

கனபாடிகள் எழுந்தார். "நான் அன்னிக்கு ஓதலை. சத்தியம். பொய்க் கையெழுத்துப் போட்ட பாவி நான்." அப்பாடா, சாட்சி கிடைத்தது என்று அனந்தமதி நிமிர்ந்தாள். ஆனால் கிழவர் கை கூப்பிக்கொண்டு அவளை நோக்கியல்லவா வந்தார்! "நாங்க மூணு பேரும் ஓதலை. ஓதாமலே ரிஷியோட மூச்சு வந்திருக்குன்னா யார் வழியா வந்தது? அம்மா, எட்டு வருஷம் படிக்கிற ஸ்வரம் உனக்கு மூணே வாரத்துல வந்ததே, அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்க வேண்டாமோ?"

பிக்கு சுமனரதனரும் எழுந்து, தானும் ஓதவில்லை என்று ஒப்புக்கொண்டார். "முற்பிறவித் தொடர்பு என்று ஒன்று உண்டு அல்லவா?" என்றார் மெல்ல. அப்பாண்டை நயினார் இந்தத் தடவை வாய் திறந்தார். "குருவே இல்லாம ஓதினவங்க. எங்க நூல்லயும் சியாமலரை அப்படித்தான் சொல்லியிருக்கு."

அற்புதம் என்று ஒன்று நடந்திருந்தால் மூவருடைய பொய்க் கையெழுத்தும் அதில் கரைந்துபோகும். பதிவாளரின் முப்பது வருடமும் பிழைக்கும். அவரவர் குற்றத்துக்கு அவரவர் ஒரு வாசல் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அனந்தமதிக்கு மட்டும் வாசல் இல்லை. யாரோ "சாமி!" என்று கத்தினார்கள். முன்வரிசை அப்படியே தரையில் விழுந்தது.

மறுநாள் அவள் வீட்டு வாசலில் தெருமுனை வரைக்கும் கூட்டம். சியாமலரே திரும்பி வந்துவிட்டதால், தலத்தின் எல்லையை ஒரு மைலாக விரிக்கப் பதிவகம் முடிவு செய்திருப்பதாகச் செய்தி வந்தது. கரட்டடியில் அவளுக்கு ஆசிரமம் கட்ட வேண்டுமாம். அனந்தமதி கதவைத் தாழிட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். பின்பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் ஒச்சம்மாள்.

அனந்தமதி அவள் காலில் விழப் போனாள். ஒச்சம்மாள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தச் சோலியெல்லாம் வேணாம். நேத்து நீ சொன்னது எனக்கு வெளங்குச்சு. எனக்கு மட்டுந்தான் வெளங்குச்சு போல. படிச்சவுக ஒருத்தனுக்கும் வெளங்கல."

"என்னை மன்னிச்சிரு ஒச்சம்மா."

"அத அப்புறம் பாப்பம். நாளைக்கு மிச்ச வீட்டையும் இடிக்க வாரான். நீ வந்து, நாந்தான் அந்தச் சாமி, இந்தச் சனம் இங்கனயேதான் இருக்கணும்னு சொல்லு."

அனந்தமதி திகைத்துப்போனாள். "அதெப்படி? பொய்யை இறக்கி வைக்கத்தானே போனேன். திரும்ப அதையே தலையில ஏத்திக்கச் சொல்றியே! இன்னொரு தடவை கேட்பேன். மேல போவேன், டில்லி வரைக்கும் போவேன்."

"போயிட்டு வா. அதுவரைக்கும் பத்தொம்பது வீட்டுச் சனமும் புள்ளகுட்டியோட மழையில கெடக்கட்டும்." ஒச்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "உன் தலப்பாரத்த எறக்கி வைக்க நாங்க ரோட்டுல கெடக்கணுமாக்கும்? பொய்யச் சொல்லி இடிச்ச. நெசத்தச் சொல்லிப் பாத்த, வேகல. அந்தப் பொய்யவே சொல்லிக் கட்டிக் குடு."

வெள்ளிக்கிழமை காலை, ஓணாங்கரட்டுக் குகை வாசலில், பதிவாளரும் மூன்று ஓதுவார்களும் ஆயிரம் சனமும் பார்க்க, அவள் கருவியின் முன்னால் நின்றாள். "நான் சியாமலர்" என்றாள். "இந்தக் கரட்டடி, இங்கே குடியிருக்கிறவர்களுடையது. இடித்ததைக் கட்டிக் கொடுங்கள். இவர்களை எழுப்பிவிட்டு எனக்கு ஓர் இடம் வேண்டாம்." பச்சை விளக்கு எரிந்தது. பதிவாளர் அங்கேயே ஆணையைக் கிழித்தார். முதல் பொய் வாயை மூடிக்கொண்டு சொன்னது. இது வாயைத் திறந்து, தெரிந்தே சொன்னது. இதுதான் அதிகம் சுட்டது.

பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? அந்த நான்கு வாக்கியங்களையும் கனபாடிகள் வடமொழியாக்கி ஸ்வரம் போட்டார். பிக்கு பாலியில் அமைத்துக்கொண்டு இலங்கைக்குப் போனார். நயினார் பாகத மொழியில் எழுதிப் பதவுரையும் சேர்த்தார். இரண்டே மாதத்தில் மூன்று மரபிலும் பிள்ளைகள் அதை ஓதத் தொடங்கிவிட்டார்கள். நாளை எவனாவது ஆராய்ந்தால் மூன்றின் அடியிலும் ஒரே மூச்சு கிடைக்கும். அனந்தமதிக்குத் தோன்றியது: அந்தப் பழைய சியாமலரும் யாரோ நான்கு பேர் வீட்டைக் காப்பாற்ற, இல்லாத ஒருவர் பெயரைச் சொல்லி நின்ற ஆள்தானோ? அப்படியானால் அவரும் நிம்மதியாகச் செத்திருக்க மாட்டார், பாவம்.

அவள் வேலை போகவில்லை. ஆனால் அனந்தமதி என்ற பெயர் போய்விட்டது. வங்கியோ மருத்துவமனையோ, மூச்சைக் கேட்டு ஆளை அறிகிற எந்த வாசலும் 'வருக சியாமலரே' என்றுதான் திறந்தது. தண்டனை கேட்டு அவள் போட்ட ஏழு மனுக்களும், மனுதாரர் பெயர் தவறு என்று திரும்பி வந்தன.

தை பிறந்ததும் ஒச்சம்மாளின் வீடு எழும்பிவிட்டது. பதிவகமே கட்டிக் கொடுத்தது, முன்னைவிடப் பெரிதாகவே. அனந்தமதி தனியாகப் பார்க்கப் போனாள். ஒச்சம்மாள் ஓடி வந்து, சொம்புத் தண்ணீரால் அவள் காலைக் கழுவி, சூடம் ஏற்றினாள்.

"ஒச்சம்மா, நீயுமா? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

"தெரியுந்தான். நீ பொய்யி. ஆனா இந்தா நிக்குதே வீடு, இது நெசம்ல?"

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். அன்னைக்கு மண்ணை வாரித் தூத்தினியே, அந்த மாதிரி ஒரே ஒரு தடவை திட்டு. இந்த உலகத்துல என்னைத் திட்ட நீ ஒருத்திதான் மிச்சம். யாருக்கும் கேட்காது, உள்ள வந்து கதவைச் சாத்திட்டாவது திட்டு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அனந்தமதி அழுதாள். ஒச்சம்மாள் வாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. வாயைத் திறந்தாள். அப்புறம் புதிதாகப் பூசிய சுவரை ஒருதரம் பார்த்துவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தாடி! சாமியத் திட்டுனா வீடு நெலைக்குமா?"